பொது அலுமாரியும் புதிய கணினியும்



காரியாலயத்தில் ஒரு கணினி பழுதடைந்தால், அல்லது அதன் காலம் முடிந்துவிட்டால், அதற்குப் பதிலாக வேறொன்றை வாங்கி அதே மேசையில் வைத்துவிடுகிறோம். மேசை பழையது, கதிரை பழையது, அதன் முன்னே அமரும் எழுதுவினைஞரும் பழையவரே. ஆயினும், அடுத்த அறையிலிருந்து ஒருவர் வந்து, “நேற்றுவரை என் கணினியில் தெரிந்த நேரசூசி இன்று தெரியவில்லையே” என்கிறார். சற்று நேரத்தில் பிரதி அதிபர் வந்து, புள்ளிப் பட்டியலைத் திறக்க முடியவில்லை என்கிறார். புதிய கணினியிலோ யாதொரு குறையும் இல்லை. பழையதைக் காட்டிலும் விரைவாகவே அது வேலை செய்கிறது. பழைய கணினியோடு சேர்ந்து, அதனுள்ளே எல்லோருக்கும் பொதுவாக இருந்த ஓர் அலுமாரியும் வெளியே போய்விட்டதை அப்பொழுதுதான் உணர்கிறோம். அந்தப் பொது அலுமாரியைப் புதிய கணினியில் மீண்டும் முறையாக அமைப்பது எவ்வாறு என்பதைப்பற்றியே இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

நான் விஞ்ஞானம் கற்றவனல்லன், கலைப் பட்டதாரி. ஓர் அரசாங்கப் பாடசாலையின் அதிபராகப் பணிபுரிகிறேன். இப்பொருளைப்பற்றிப் பேச எனக்கு என்ன உரிமை என்று நேயர்கள் கேட்கலாம். இவ்வேலையிற் பாதி தொழினுட்பம்; மறுபாதி நிருவாகம். தொழினுட்பப் பாதியைக் கணினி தெரிந்த ஓர் இளைஞர் ஒரு மணி நேரத்திற் செய்து தந்துவிடுவார். எந்தப் பத்திரத்தை எவர் பார்க்கலாம், எவர் மாற்றலாம், எவர் கண்ணிலும் படாதிருக்கவேண்டியது எது என்ற மறுபாதியை அவர் தீர்மானிக்க முடியாது. தீர்மானிக்க விடுவதும் முறையாகாது. காரியாலயத் தலைவர் அவ்விடயத்தில் வாய் திறவாதிருந்தால், அந்த இளைஞர் தமக்கு எளிதான வழியைத்தான் கைக்கொள்வார். எளிதான வழியாவது, எல்லோருக்கும் எல்லாவற்றையும் திறந்துவிடுவது.

இந்தப் பிரச்சினை அண்மையிற் பல காரியாலயங்களில் ஒரே சமயத்தில் எழுந்தமைக்குக் காரணமும் உண்டு. 2015ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு, மைக்ரோசொப்ட் நிறுவனம் வழமையாக இலவசமாய் அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 14ஆம் திகதியோடு முடிவுற்றன. அதற்கடுத்த விண்டோஸ் 11ஐ ஏற்பதற்கு, ரீ.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்பு ஏற்பாடும், ஓரளவு புதிய செயலியும் கணினியில் இருத்தல் வேண்டும். பழைய கணினிகள் பலவற்றில் இவை இல்லை. அதனால், இயங்கிக்கொண்டிருந்த கணினியையே மாற்றவேண்டிய நிலை பல இடங்களில் ஏற்பட்டது.

வலையமைப்பில் பகிரப்படும் கோப்புறை என்பது என்ன? ஒரு கந்தோரில் நான்கு கணினிகள் இருக்கின்றன என்று கொள்வோம். அவற்றுள் ஒன்றில் ஒரு கோப்புறையை உண்டாக்கி, ஏனைய மூன்றிலிருந்தும் அதனைத் திறக்கலாம் என்று அனுமதி கொடுக்கிறோம். அதைத் திறப்பவர் ஒவ்வொருவருக்கும் அது தம்முடைய கணினியிலேயே இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் பத்திரம் ஒன்றே. அது இருக்கும் இடமும் ஒன்றே. இவ்வசதி இல்லாத காரியாலயத்தில் ஒரே பட்டியல் பென் ட்ரைவ் வழியாக அறைக்கு அறை நடந்துகொண்டிருக்கும். வாரமுடிவில் ஐந்து பிரதிகள் இருக்கும். எது கடைசியாகத் திருத்தப்பட்டது என்பது ஒருவருக்கும் தெரியாது.

கணினிகள் இவ்வாறு ஒன்றோடொன்று கோப்புகளைக் கொடுத்து வாங்குவதற்கென ஒரு பேச்சுமுறை உண்டு. எஸ்.எம்.பி. என்று அதனை அழைப்பர். 1980களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். நிறுவனத்திற் பணியாற்றிய பரி ஃபைகன்போம் என்பவர் அதனை வகுத்தார். 1991ஆம் ஆண்டின் இறுதியில் அவுஸ்திரேலியாவின் கன்பராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த அன்ட்ரூ டிரிஜெல் என்பவர், வேறு வகைக் கணினிகளும் அதே மொழியைப் பேசும்படி ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கினார். அதன் பெயர் சம்பா. எஸ், எம், பி என்ற மூன்று எழுத்துகளும் வரிசையாக வரும் சொல்லை அகராதியில் தேடி எடுத்த பெயராம் அது. நம் வயலில் விளையும் சம்பாவுக்கும் அதற்கும் உறவில்லை. இன்று கடைகளில் விற்கப்படும் வலையமைப்புச் சேமிப்புப் பெட்டிகள் பலவற்றினுள்ளே வேலை செய்வது இந்தச் சம்பாதான். காரியாலயத்திற்கு வசதியிருப்பின், எழுதுவினைஞரின் கணினிக்குள்ளே பொது அலுமாரியை வைப்பதைவிட, அத்தகைய தனிப்பெட்டி ஒன்றில் வைப்பது நன்று. கணினி மாறும்பொழுதெல்லாம் அலுமாரி இடம்பெயர வேண்டியிராது. ஆயினும் நம்முடைய பாடசாலைகளிற் பெரும்பாலும் வாய்ப்பது முன்னைய முறையே என்பதால் அதனையே எடுத்துக்கொள்கிறேன்.

பழைய கணினியைக் கழற்றுமுன் செய்யவேண்டிய முதல் வேலைக்குக் கணினியே வேண்டியதில்லை. ஒரு தாளும் பேனாவும் போதும். அக்கணினியின் பெயர் என்ன, பகிரப்பட்ட கோப்புறையின் பெயர் என்ன, அது வன்தட்டில் எவ்விடத்தில் இருந்தது, எந்தெந்தக் கணினிகள் அதனை அடைந்தன, அவற்றில் அது எந்த எழுத்துடைய தட்டாகத் தோன்றியது, எவரெவருக்கு உரிமை இருந்தது என்பவற்றை எழுதிக்கொள்ளுங்கள். கணினிக்குள்ளே எழுதி வைப்பது, திறப்பைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டுவதை ஒக்கும். பின்னர், கோப்புகளைப் புதிய கணினிக்குப் பிரதி செய்யுங்கள், பெயர்த்தெடுத்து விடாதீர்கள். பழையது அப்படியே சில வாரங்கள் ஒரு மூலையில் இருக்கட்டும். பொதுக் கோப்புறையில் இல்லாமல் எழுதுவினைஞரின் திரை முகப்பிலும் அவருடைய சொந்த ஆவணக் கோப்புறையிலும் ஒதுங்கிக் கிடக்கும் பத்திரங்களே பின்னர் தேடப்படுபவை. ஒரு தவணை முடியும்வரை அவற்றின் குறை வெளியே தெரிவதில்லை.

இனி, நம் நாட்டுத் தமிழ்க் காரியாலயங்களுக்கேயுரிய ஒரு தொல்லையைச் சொல்லவேண்டும். பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டெழுதப்பட்ட பத்திரங்கள் நம்மிடம் இன்னும் ஏராளமாக உள்ளன. அவற்றிலே தமிழ் என்பது கண்ணுக்குத் தெரியும் தோற்றம் மட்டுமே. கணினி தன்னகத்தே சேமித்து வைத்திருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும். அவற்றுக்குத் தமிழ் வடிவம் கொடுப்பது அந்த எழுத்துரு. புதிய கணினியில் அதனை நிறுவாவிட்டால், பத்து ஆண்டுக் கடிதங்களெல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் திரையில் தோன்றும். கோப்பு கெட்டுவிட்டது என்று கருதி எவரேனும் அதனை அழித்துவிடுதல் கூடும். கோப்பு கெடவில்லை. எழுத்துருவை நிறுவியவுடன் தமிழ் திரும்பிவிடும். அதனைப் புதிய கணினியில் மட்டுமன்றி, பொது அலுமாரியைத் திறக்கும் ஒவ்வொரு கணினியிலும் நிறுவுதல் அவசியம். ஏனெனில், பத்திரம் எங்கே இருக்கிறது என்பதைவிட, எங்கே திறக்கப்படுகிறது என்பதே இங்கு முக்கியம். ஒருங்குறியில் எழுதிய பத்திரங்களுக்கு இத்தொல்லை இல்லை. ஒரு மாணவனின் பெயரைத் தமிழிலே தட்டித் தேடினால் அவை அகப்படும். பாமினிப் பத்திரங்கள் அகப்படமாட்டா. ஆகவே, இன்றும் பயன்படும் மாதிரிக் கடிதங்களையும் பட்டியல்களையும் ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்வதற்குக் கணினி மாறும் வேளை தக்க வேளையாகும். பழையவற்றை முழுவதும் மாற்றப் புகுந்தால் வேறு வேலை நடவாது.

அடுத்தது பெயர் வைத்தல். ஏனைய கணினிகள் பொது அலுமாரியைத் தேடுவது கணினியின் பெயரையும் கோப்புறையின் பெயரையும் கொண்டுதான். ஆகையால், புதிய கணினிக்குப் பழையதன் பெயரையே சூட்டி, கோப்புறைக்கும் பழைய பெயரையே இட்டால், மற்ற அறைகளில் உள்ள குறுக்குவழிகளும் ஒரு கணக்குத் தாளிலிருந்து இன்னொன்றுக்குக் கொடுத்த தொடர்புகளும் பெரும்பாலும் முன்போலவே வேலை செய்யும். ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும். ஒரே வலையமைப்பில் ஒரே பெயருடைய இரு கணினிகள் இருத்தல் ஆகாது. பழையதற்கு வேறு பெயர் கொடுத்த பின்பே, அல்லது அதனை வலையமைப்பிலிருந்து பிரித்த பின்பே, அதன் பெயரைப் புதியதற்குச் சூட்டவேண்டும். பெயர் 15 எழுத்துகளுக்கு மேற்படாதிருப்பது நன்று. பழைய மரபு ஒன்று அந்த எல்லையை விதித்திருக்கிறது.

சில இளைஞர்கள் பெயரை விட்டுக் கணினியின் வலையமைப்பு இலக்கத்தைக் கொண்டு தொடர்பு ஏற்படுத்துவர். அன்றைக்கு அது உடனே வேலை செய்யும், எல்லோரும் மகிழ்வர். ஆனால் அந்த இலக்கத்தை வழங்குவது ரவுட்டர் என்னும் வழிகாட்டிப் பெட்டி. ஒரு மின்வெட்டுக்குப் பின் அது வேறு இலக்கத்தை வழங்கிவிடலாம். தங்குமடத்திலே ஒருவருக்கு வரும்போதெல்லாம் வெவ்வேறு அறை கொடுப்பதைப் போன்றது இது. அறை இலக்கத்தைச் சொல்லித் தேடுபவர் ஏமாறுவார். ஆளின் பெயரைச் சொல்லிக் கேட்பவர் கண்டுகொள்வார். இலக்கத்தையே பயன்படுத்த வேண்டுமாயின், அக்கணினிக்கு மாறாத இலக்கமொன்றை ஒதுக்கும்படி ரவுட்டரில் ஏற்பாடு செய்தல் வேண்டும்.

இவ்வளவும் செய்த பின்பும் அடுத்த அறையிலிருந்து புதிய கணினியைக் காணமுடியவில்லை என்று முறைப்பாடு வரும். பெரும்பாலும் அதற்குக் காரணம் ஒன்றே. புதிய கணினி ஒரு வலையமைப்பில் முதன்முறை சேரும்பொழுது, அது பொது இடத்து வலையமைப்பா, நமக்குரிய தனிப்பட்ட வலையமைப்பா என்று வகைப்படுத்திக்கொள்கிறது. பொது இடம் என்று கருதினால், பேருந்து நிலையத்தில் நிற்கும் பயணி தன் பையை இறுகப் பிடித்துக்கொள்வதுபோல, தன்னிடம் உள்ளதை எவருக்கும் காட்டாது. நம்பத்தக்க நமது காரியாலயத்து வலையமைப்பு என்றால், அதனைத் தனிப்பட்டது என்று மாற்றி, கோப்புப் பகிர்வை அனுமதித்தல் வேண்டும். இதை அறியாதவர்கள் தீச்சுவர் என்னும் பாதுகாப்பையே அணைத்துவிடுகிறார்கள். ஓர் அறையின் யன்னல் திறபடவில்லை என்பதற்காக வீட்டுச் சுவரை இடிக்கும் செயல் அது.

இங்கே இன்னொரு சிறு கட்டளையும் தேவை. மாணவர்கள் பயன்படுத்தும் கணினிகளும், வருவோர் போவோரின் கைபேசிகளும் காரியாலயத்துக் கணினிகள் இருக்கும் அதே வலையமைப்பில் சேர இடங்கொடுக்கக் கூடாது. விருந்தினருக்கென வேறான இணைப்பை வழங்கும் வசதி இப்போதைய ரவுட்டர்கள் பலவற்றில் உண்டு.

இனி, யார் உள்ளே வரலாம் என்ற விடயத்துக்கு வருவோம். புதிய கணினியை முதன்முறை இயக்கும்போது, ஒரு மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துக் கணக்கைத் தொடங்கும்படி அது கேட்கும். அப்போது பக்கத்தில் நிற்பவர் எழுதுவினைஞர். அவர் நல்லெண்ணத்தோடு தம்முடைய சொந்த முகவரியையே கொடுத்துவிடுகிறார். அங்கேதான் பின்னாளைய சங்கடத்துக்கு வித்திடப்படுகிறது. அரசாங்க சேவையில் இடமாற்றம் என்பது மழை வெயில் போன்றது, எவருக்கும் வரும். அவர் மாற்றலாகிப் போன பின்பு கணினியின் முதன்மைக் கணக்கு அவருடன் போய்விடுகிறது. இதனினும் பாரதூரமான விடயம் ஒன்று உண்டு. இப்போதைய கணினிகள் பல, அவ்வாறான கணக்கொன்றால் உள்நுழைந்ததும் வன்தட்டைத் தாமாகவே மறைகுறியாக்கம் செய்துவிடுகின்றன. பின்னர் கணினியில் ஒரு கோளாறு ஏற்படின், 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோலைக் கேட்கும். அத்திறவுகோல் சேமிக்கப்பட்டிருப்பது அந்தச் சொந்தக் கணக்கில். ஒரு பாடசாலையின் ஆவணங்கள் அனைத்தும், வேறு மாவட்டத்தில் இருக்கும் ஒருவரின் தனிப்பட்ட மின்னஞ்சலை நம்பிக் கிடக்கும் நிலையை எண்ணிப் பாருங்கள். பாடசாலையின் பெயரில் உள்ள முகவரியால், அல்லது அந்தக் கணினிக்கேயுரிய உள்ளூர்க் கணக்கால் தொடங்குவதே முறை. மீட்புத் திறவுகோலைத் தாளில் அச்சிட்டு உறையிலிட்டு, முத்திரை வைத்து, இரும்புப் பெட்டியில் வைக்கவேண்டும். அதிபர் மாறும்போது கையளிக்கப்படும் பொருட்களின் பட்டியலில் அந்த உறையும் இடம்பெறல் வேண்டும்.

அலுமாரியைத் திறக்க வருபவர் ஒவ்வொருவருக்கும் புதிய கணினியில் ஒரு பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். நான்கு இலக்கங்களைத் தட்டி உள்நுழையும் சுருக்க எண் அந்தக் கணினிக்கு முன்னே இருப்பவருக்கு மட்டுமே உதவும். வலையமைப்பின் வழியாக வருபவரிடம் உண்மையான கடவுச்சொல்லே கேட்கப்படும். “சரியான எண்ணைத்தானே கொடுக்கிறேன், ஏன் மறுக்கிறது?” என்று பலர் மனம் சலிப்பது இதனால்தான். மற்ற அறைக் கணினிகள் பழைய கடவுச்சொல்லை நினைவில் வைத்திருந்து, அதனையே திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருப்பதும் உண்டு. அப்பழைய பதிவை நீக்கிப் புதியதைக் கொடுத்தால் கதவு திறக்கும்.

கடவுச்சொல்லே இல்லாமல் எவரும் வரலாம் என்று விட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. முன்னர் பல கந்தோர்களில் அப்படித்தான் இருந்தது. 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெளிவந்த விண்டோஸ் 11இன் 24 எச் 2 என்னும் பதிப்பு, காரியாலயங்களுக்குரிய வகைகளில், கடவுச்சொல்லற்ற விருந்தாளித் தொடர்பை வழமையாக மறுத்துவிடுகிறது. அதனை மீண்டும் திறப்பதற்கும், எஸ்.எம்.பி.யின் முதலாம் பதிப்பை உயிர்ப்பிப்பதற்கும் ஆலோசனை சொல்வோர் இருக்கின்றனர். அவர்களுக்கு 2017ஆம் ஆண்டு மே மாதத்தை நினைவூட்ட விரும்புகிறேன். அம்மாதத்தில் வன்னாகிரை என்ற தீநிரல், அந்த முதலாம் பதிப்பில் இருந்த ஒரு குறைபாட்டின் வழியாகவே கணினிக்குக் கணினி தாவி, உலகெங்கும் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குக் கப்பம் கேட்டது. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையைச் சேர்ந்த வைத்தியசாலைகளில் நோயாளருக்குக் குறித்திருந்த சிகிச்சைகள் தடைப்பட்டன. அந்தக் குறைபாட்டுக்கான திருத்தமோ அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே வெளியிடப்பட்டிருந்தது. திருத்தம் ஏற்றப்படாத கணினிகளே அகப்பட்டுக்கொண்டன. பழைய அச்சுப்பொறி ஒன்று முதலாம் பதிப்பை மட்டுமே அறியும் என்பதற்காகப் படலையைக் கழற்றி வைத்துவிடுவது அறிவுடைமையன்று.

படலை என்றவுடன் ஒன்றை விளக்கிவிடலாம். பகிர்வு உரிமையைப்பற்றி ஏற்படும் குழப்பங்களிற் பெரும்பகுதி இதிலேதான். நம் ஊர் வீட்டு வளவுக்குள் வருபவர் முதலில் படலையைக் கடக்கிறார். பின்னர் வீட்டு அறையின் கதவைத் திறக்கிறார். பகிரப்பட்ட கோப்புறைக்கும் இவ்வாறு இரண்டு வாயில்கள். வலையமைப்பின் வழியாக வருபவருக்கான பகிர்வு உரிமை படலை. வன்தட்டில் அக்கோப்புறைக்கே விதிக்கப்பட்ட உரிமை அறைக் கதவு. இரண்டில் எது கடுமையானதோ அதுவே செல்லும். படலையில் முழு அதிகாரம் கொடுத்துவிட்டு, அறைக் கதவில் வாசிக்க மட்டும் அனுமதித்தால், அவர் வாசிக்கத்தான் முடியும். எனினும், அந்தக் கணினியின் முன்னேயே வந்து அமருபவருக்குப் படலை என்பது கிடையாது. அவர் ஏற்கெனவே வளவுக்குள் நிற்கிறார். ஆகவே, உண்மையான கட்டுப்பாட்டை அறைக் கதவில் வைப்பதே தக்கது.

எந்த அறையை யாருக்குத் திறப்பது? இதுவே காரியாலயத் தலைவருக்குரிய வேலை. பொது அலுமாரியை ஆட்களின் பெயரால் பிரிக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இன்னாருடைய கோப்புறை, இன்னாருடைய கோப்புறை என்று வரிசையாக இருக்கும். அவர்களுட் பாதிப்பேர் இளைப்பாறியிருப்பர். கடமைகளின் பெயரால் பிரிப்பதே என் கருத்தில் நேரானது. மாணவர் சேர்வும் விடுகையும் ஒரு கோப்புறை; பரீட்சையும் புள்ளிகளும் ஒன்று; ஆசிரியர்களின் லீவு, சம்பள ஏற்றம் முதலியவை ஒன்று; பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்கு ஒன்று; நேரசூசியும் சுற்றறிக்கைகளும் எல்லோருக்குமான ஒன்று. ஆள் மாறினால் கணக்குப் பட்டியலில் ஒரு பெயரை எடுத்து இன்னொன்றைச் சேர்த்தால் போதும். கோப்புறை நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஓர் உதாரணம் கூறுகிறேன். வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியை, ஒரு மாணவியின் வீட்டுத் துன்பங்களைப்பற்றி ஒரு குறிப்பு எழுதி வைக்கிறார். தந்தையின் குடிப்பழக்கம், தாயின் கண்ணீர் எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பிள்ளை, வேறொருவருக்கும் சொல்லமாட்டேன் என்ற உறுதிமொழியின்மேல் சொன்னது அது. நேரசூசியைத் தேடிவந்த ஒருவர், பக்கத்துக் கோப்புறையில் அக்குறிப்பைத் திறந்து வாசித்துவிட்டால், நாளை அந்தப் பிள்ளை வகுப்பறைக்குள் எப்படி நுழைவாள்? அதன்பின் எந்தப் பிள்ளைதான் அந்த ஆசிரியையிடம் வாய் திறக்கும்? இதிலே களவு என்று சொல்லத்தக்க செயலை எவரும் செய்யவில்லை. கதவு திறந்திருந்தது, உள்ளே பார்த்தார், அவ்வளவுதான். அத்தகைய குறிப்பு பொது அலுமாரியில் இருக்கவேண்டுமா என்பதையே முதலிற் கேட்கவேண்டும். இருக்கத்தான் வேண்டுமானால், அந்த ஆசிரியைக்கும் இன்னொருவருக்குமன்றி வேறெவருக்கும் அது தெரிதலாகாது. 2022ஆம் ஆண்டில் நமது பாராளுமன்றம் தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்கென 9ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டம் இல்லாதிருப்பினும் இந்தக் கடமை நமக்கு இருந்தே இருக்கும்.

புள்ளிப் பட்டியலின் நிலை வேறு. அதனைப் பலர் பார்க்கலாம்; பார்ப்பதால் தீங்கில்லை. மாற்றுவோர் சிலராக இருக்கவேண்டும். தவணை அறிக்கை கையெழுத்தாகிய பின்பு ஒருவரும் மாற்ற முடியாதபடி வாசிக்க மட்டும் என்று அக்கோப்புறையை ஆக்கிவிடுதல் நலம். திருத்தம் வேண்டுமாயின் எழுத்தில் கேட்கட்டும். அதிபருக்கும் இவ்விதி பொருந்தும் என்பது என் துணிபு. அதிபர் என்பதற்காக எல்லாக் கோப்புறைகளிலும் எழுதும் உரிமை எனக்கு எதற்கு? ஒரு புள்ளி மாறிவிட்டது என்று பெற்றோர் ஒருவர் ஐயுற்று வரும்போது, என்னால் அதனை மாற்றியிருக்கவே முடியாது என்று காட்டக்கூடிய நிலை எனக்கும் பாதுகாப்பு, பிள்ளைக்கும் பாதுகாப்பு. இதனைச் சக ஆசிரியர்களிடம் சொன்னபோது, “எங்களை நம்பவில்லையா?” என்று ஒரு மனத்தாங்கல் எழுந்தது. அதிபருக்கே கதவு பூட்டப்பட்டிருக்கிறது என்று கண்டபின் அது அடங்கியது.

அன்றாடப் பயன்பாட்டைப்பற்றிச் சிறிது. ஒருவர் திறந்து எழுதிக்கொண்டிருக்கும் கணக்குத் தாளை மற்றொருவர் திறந்தால், வாசிக்க மட்டுமே முடியும் என்று கணினி அறிவிக்கும். உடனே பலர் அதனை வேறு பெயரில் சேமித்துத் தம் வேலையைத் தொடர்வர். புதியது, கடைசி, மெய்யான கடைசி என்று பெயர்கள் பெருகும். பென் ட்ரைவ் காலத்துக் குழப்பம் மீண்டும் வந்துவிடும். சற்றே காத்திருப்பதும், அடுத்த அறைக்குப் போய் “முடித்துவிட்டீர்களா?” என்று கேட்பதுமே இதற்கு மருந்து. அலுமாரி இருக்கும் கணினி சில நிமிடம் சும்மா இருந்தால் உறங்கிவிடும். அது உறங்கினால் அலுமாரியும் பூட்டிக்கொள்ளும். பாடசாலை நேரத்தில் உறங்காதபடி அமைத்து, அதனைக் கம்பிவழி இணைப்பில் வைத்தல் வேண்டும். சாதாரண விண்டோஸ் கணினி ஒரே நேரத்தில் 20 தொடர்புகளுக்கு மேல் ஏற்காது. நம் காரியாலயங்களுக்கு அது போதும்.

இனிப் பாதுகாப்புப் பிரதி. பொதுக் கோப்புறையில் இருக்கிறதே, பத்திரமாகத்தான் இருக்கும் என்று எண்ணுவோர் பலர். அது அவ்வாறன்று. நம் சொந்தக் கணினியில் ஒரு கோப்பை அழித்தால் அது மீள்சுழற்சித் தொட்டிக்குப் போகும். மனம் மாறினால் எடுத்துக்கொள்ளலாம். வலையமைப்பின் வழியாகப் பொதுக் கோப்புறையில் ஒன்றை அழித்தால், வழமையாக அது எந்தத் தொட்டிக்கும் போவதில்லை, அப்படியே மறைந்துவிடும். ஒருவரின் கணினியில் புகுந்த கப்பத் தீநிரலும், அவருக்கு எழுதும் உரிமையுள்ள பொதுக் கோப்புறைகளையெல்லாம் சேர்த்தே பூட்டிவிடும். உரிமைகளைச் சுருக்கிக் கொடுக்கவேண்டும் என்பதற்கு இது மற்றுமொரு காரணம்.

ஒரே பிரதியை வைத்திருப்பது எத்தகைய ஆபத்து என்பதை இந்நாட்டவருக்கு விளக்கவேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் எரிந்தன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடல் புகுந்த கரையோரப் பாடசாலைகளில் பதிவேடுகளும் அள்ளுண்டு போயின. இடம்பெயர்ந்த நாட்களில் வேறொன்றையும் எடுக்காமல் சேர்வு இடாப்பை மட்டும் சுமந்துகொண்டு சென்ற அதிபர்களைப்பற்றி நாம் கேட்டிருக்கிறோம். அந்த இடாப்பைக் கொண்டே பின்னாளில் எத்தனையோ பேர் தம் வயதையும் கல்வியையும் நிரூபித்தனர். ஆகவே, வாரத்துக்கொருமுறை பொது அலுமாரி முழுவதையும் ஒரு வெளி வன்தட்டில் பிரதி செய்யுங்கள். செய்தவுடன் அதனைக் கழற்றி வேறொரு கட்டடத்தில் பூட்டி வையுங்கள். இணைத்தபடியே விட்டால், கணினிக்கு வரும் கேடு அதற்கும் வரும். இரண்டு வன்தட்டுகளை மாறிமாறிப் பயன்படுத்துவது இன்னும் நன்று. தவணைக்கொருமுறை அதிலிருந்து ஏதேனுமொரு கோப்பை எடுத்துத் திறந்து பாருங்கள். திறக்கப்படாத பிரதி பிரதிதானா என்பது எவருக்கும் தெரியாது.

பழைய கணினியைக் கழிவுப் பொருளாக விலக்கும் நாளும் வரும். அதன் பொருட்பதிவேட்டு இலக்கத்தை எல்லோரும் கவனிப்பர். உள்ளே இருக்கும் வன்தட்டை ஒருவரும் கவனிப்பதில்லை. கோப்புகளைச் சாதாரணமாக அழிப்பதால் அவை உண்மையில் அழிந்துவிடுவதில்லை. அவற்றை மீட்கும் மென்பொருள்கள் எளிதிற் கிடைக்கின்றன. உரிய முறையில் வன்தட்டை முற்றாகத் துடைத்த பின்னரோ, விதிமுறை இடந்தருமாயின் அதனைக் கழற்றி உடைத்த பின்னரோதான் அக்கணினி பாடசாலைப் படலையைத் தாண்டவேண்டும்.

கடைசியாகச் சோதனை. புதிய கணினியின் முன்னே இருந்துகொண்டு எல்லாம் திறக்கிறது என்று சொல்வது சோதனையாகாது. ஒவ்வோர் அறைக்கும் சென்று, அங்குள்ளவரையே தம் பெயரில் உள்நுழையச் சொல்லி, ஒரு பத்திரத்தைத் திறக்கவும், ஒரு வரி எழுதவும், சேமிக்கவும் சொல்லுங்கள். பின்னர், அவருக்கு உரிமையில்லாத கோப்புறையைத் திறக்கச் சொல்லி, அது மறுக்கப்படுகிறதா என்றும் பாருங்கள். பலர் முன்னையதைச் சோதித்து இதனை விட்டுவிடுகிறார்கள். அன்று மாலை ரவுட்டரையும் எல்லாக் கணினிகளையும் நிறுத்திவிட்டு, மறுநாட் காலை முதல் மணி அடிக்குமுன் மீண்டும் ஒருமுறை இதே சுற்றைச் சுற்றி வாருங்கள். எல்லாம் சரியாயிருப்பின், செய்தவை அனைத்தையும் திகதியிட்டுச் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிடுங்கள்.